பர்சானா அழ வேண்டும்

எங்கள் ஊரில் ஜனங்களை அழவைப்பதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்து வைத்திருக்கிறார்கள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு வந்து காபி குடிக்கிற கடைக்கு மேல்மாடி. பெயர் நெஞ்சம் நெகிழ் அறக்கட்டளை. படியேறும்போதே சுவரெல்லாம் குழந்தைகளின் படம். எல்லாக் குழந்தையும் உங்களையே பார்க்கும். எல்லாக் கண்ணிலும் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். அந்தப் படங்களைப் பார்த்தும் நிற்காமல் மேலே போகிறவர்கள் இரண்டு வகைதான். அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள், அங்கே உதவி கேட்டு வந்தவர்கள்.

மதார் சாகிப் உதவி கேட்டு வந்தவர். பஸ் ஸ்டாண்டுக்கும் வேங்கிக்காலுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மகள் பர்சானாவுக்குப் பிறந்ததிலிருந்தே இடது காலில் வலுவில்லை. இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிப்பரைத் தொடை வரைக்கும் கட்டிக்கொண்டால் விந்தி விந்தி நடப்பாள். ஒரு முகாமில் கொடுத்த காலிப்பர் அது. பிள்ளை வளர்ந்துவிட்டாள், காலிப்பர் வளரவில்லை. கட்டினால் தொடையில் புண், கட்டாவிட்டால் அம்மா இடுப்பு. ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே வகுப்பு மாடியில். பதினோரு வயதுப் பெண்ணை எத்தனை நாள் இடுப்பில் சுமந்துகொண்டு மாடியேறுவது? ஜூனுக்குள் புதுக் காலிப்பர் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் வீடு. விஷயம் அவ்வளவுதான்.

விஷயம் அவ்வளவுதான் என்பதுதான் அறக்கட்டளைக்குப் பிடிக்கவில்லை.

அங்கே உணர்வியல் இயக்குநர் என்று ஒரு பதவி இருக்கிறது. அதில் அருணாதேவி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். மதார் சாகிப், மனைவி குர்ஷித் பேகம், பர்சானா மூவரையும் எதிரே உட்கார வைத்து, "சொல்லுங்க, உங்க கதை என்ன?" என்று கேட்டார்.

"கதைன்னு ஒண்ணும் இல்லீங்க மேடம். கால் வளந்துடுச்சு. காலிப்பர் பத்தல."

"சார், இது தகவல். தகவலுக்கு யாரும் பர்ஸைத் திறக்கமாட்டாங்க. டாக்டர் சீட்டு, அளவு எல்லாம் அந்த ஓரமா வெச்சிடுங்க. எனக்கு உள்ள போய் ஏதாவது பிசையணும். ராத்திரி தூக்கம் வரக்கூடாது. பாப்பா அடிக்கடி அழுவாளா?"

"இல்லீங்க, சிரிச்சிகினேதான் இருப்பா."

அருணாதேவி அப்போதுதான் பர்சானாவைச் சரியாகப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த படங்களைக் காட்டி, "ஏன்கா, இவங்க எல்லாருக்கும் ஒரே ஆள்தான் தலைய கலைச்சு விட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அருணாதேவி முகம் டாக்டர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"சின்ன வயசுலேர்ந்தே மேடம்," என்றார் குர்ஷித் பேகம். ஏதோ பரம்பரை வியாதிக்கு மன்னிப்புக் கேட்கிற குரல் அவருக்குத் தானாக வந்துவிட்டது.

அறக்கட்டளையின் முறையை அருணாதேவி விளக்கினார். முதலில் குழந்தையை வைத்து ஒரு சின்னப் படம் எடுப்பார்கள். அதைக் கீழே காபிக்கடையில் உட்கார்ந்திருக்கிற வெளியூர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். மேஜைக்கு மேஜை டிஷ்யூப் பெட்டி வைத்திருப்பார்கள். படம் முடிந்ததும் பெட்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நிறையக் குறைந்திருந்தால் உதவி. குறையாவிட்டால் விண்ணப்பம் பரிசீலனையில். மூக்கு சிந்தினால் கணக்கில் சேராது, கண்ணைத் துடைத்தால்தான் சேரும். அதைக் கவனிப்பதற்கு மட்டும் ஓர் ஆள்.

"காலுக்கும் டிஷ்யூவுக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்று மதார் சாகிப் கேட்டார்.

"அதான் சார் சயின்ஸ்," என்றார் அருணாதேவி.

அடுத்த வாரமே வீட்டுக்குப் படமெடுக்க வந்தார்கள். கேமராக்காரர் கோபி வாசலிலேயே நின்றுவிட்டார். "மேடம், ஃப்ரிட்ஜ் இருக்குது." பழைய ஃப்ரிட்ஜ்தான், மதார் சாகிபின் மச்சான் வேறு வாங்கியபோது தள்ளிவிட்டது. அதைப் போர்வையால் மூடினார்கள். போர்வை புதுசாகத் தெரிந்தது. போர்வையை எடுத்தால் ஃப்ரிட்ஜ். சுவரில் பர்சானா ஓட்டப்பந்தயம் வரைந்து ஒட்டியிருந்தாள், அதைக் கிழித்தார்கள். தலைக்கு மேலே கான்கிரீட். அதைக் கிழிக்க முடியவில்லை.

"கஷ்டப்பட்டுக் கட்டுன வீடுங்க," என்றார் மதார் சாகிப்.

"கஷ்டப்பட்டது தெரியலையே சார். வீடுதான் தெரியுது."

அதனால் எல்லாரையும் வேனில் ஏற்றிக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மாட்டுக்கொட்டகையை ஒரு நாள் வாடகைக்குப் பேசியிருந்தார்கள். கூரையில் நல்ல ஓட்டைகள். அருணாதேவிக்கு அன்றைக்குத்தான் முகத்தில் சந்தோஷம் வந்தது. மாட்டை வெளியே ஓட்டிக் கட்டினார்கள். அது நாளெல்லாம் கத்தியது. படத்தில் உண்மையான துக்கத்தோடு பதிவான ஒரே குரல் அதுதான். அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பர்சானாதான் ஒத்துழைக்கவில்லை. கண்ணுக்குக் கீழே தைலம் தடவினார்கள், தும்மினாள். பசிக்கட்டும் என்று மத்தியானச் சோற்றைத் தள்ளிப்போட்டார்கள், கொட்டகைக்காரர் வீட்டு வேர்க்கடலையை மடியில் கட்டிவைத்துத் தின்றாள். கடைசியில் அருணாதேவி அவள் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க அம்மா செத்துப்போயிட்டா நீ என்ன பண்ணுவ? நினைச்சுப் பாரு," என்றார். பர்சானா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். குர்ஷித் பேகம் சாணியை மிதித்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பர்சானாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

ஒரு பிள்ளையிடம் போய் இப்படிக் கேட்கிற வாய் எப்படிப்பட்ட வாய் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வாய்க்குச் சிறந்த கருணைப் படைப்பாளி என்று ஒரு விருது இருக்கிறது, அலுவலகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

எப்படியோ ஒட்டி வெட்டி ஒரு படம் செய்தார்கள். காபிக்கடையில் போட்டார்கள். டிஷ்யூப் பெட்டிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அருணாதேவி மதார் சாகிபைக் கூப்பிட்டனுப்பி, எதிரே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பார்த்தவங்க எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க. அப்பாதான் கல்லு மாதிரி இருக்காரே, அவர் பார்த்துக்கமாட்டாரான்னு கேக்கறாங்க. நீங்க உயிரோட இருக்கறது நம்ம பிரச்சாரத்துக்குப் பெரிய பலவீனம்."

மதார் சாகிப் தண்ணீரைக் கீழே வைத்தார். "அதுக்கு நான் இன்னா மேடம் பண்றது?"

"நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம் சார். நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். ஆட்டோ பெர்மிட்டுக்காக எடுத்த போட்டோவைப் பெரிசாக்கி, மறுபடி வாடகைக்கு எடுத்த கொட்டகையின் சுவரில் மாட்டி, சாமந்தி மாலை போட்டு, முன்னால் காமாட்சி விளக்கு ஏற்றி, நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்கள்.

குர்ஷித் பேகம் பதறிப்போனார். "மேடம், எங்கள்ல போட்டோவுக்கு மாலை எல்லாம் போடமாட்டாங்க. விளக்கும் வெக்கமாட்டாங்க."

"மாலை இல்லைன்னா அவர் போயிட்டாருன்னு பார்க்கறவங்களுக்கு எப்படிம்மா புரியும்?"

"அவரு போகலையே மேடம்."

"அதனாலதான்மா மாலை ரொம்ப முக்கியம்."

மதார் சாகிப் தன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக நாலு வார்த்தை சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து பர்சானா பழைய காலிப்பரை அவிழ்த்துத் தொடைப் புண்ணை ஊதிக்கொண்டிருந்தாள். அவர், "பொட்டாவது எடுத்துடுங்க," என்று மட்டும் சொன்னார். "நெத்தி காலியா இருந்துது சார்," என்றார் கோபி.

இந்த முறை காபிக்கடையில் பெட்டிகள் காலியாகி, சர்வர் மேஜை துடைக்கிற துணியையும் யாரோ வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். மதார் சாகிபின் மரணம் மாபெரும் வெற்றி என்று அறக்கட்டளை அறிவித்தது. பஸ் ஸ்டாண்ட் எதிரில், வேங்கிக்கால் வளைவில், கிரிவலப் பாதையில், எங்கே பார்த்தாலும் பலகை. மாலைக்குள் மதார் சாகிப், கீழே தரையில் பர்சானா, அதற்குக் கீழே 'அப்பா இருந்திருந்தால் தூக்கியிருப்பார், நீங்கள்?' என்று கேள்வி. தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட குர்ஷித் பேகம் அந்தப் பலகையில் எங்கேயும் இல்லை.

செய்தி கேட்டு ஆரணியிலிருந்து உறவுக்காரர்கள் அழுதுகொண்டே வந்தார்கள். கதவைத் திறந்தது மதார் சாகிப். ஒரு மாமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவர் இவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையைக் கட்டித் தக்பீர் சொன்னார். ஆட்டோவில் ஏறிய ஒரு பயணி பலகையைக் காட்டி, "பாவம், சின்ன வயசுலயே போய்ட்டாரு," என்றார். "ஆமாங்க, நல்ல மனுஷன்," என்றார் மதார் சாகிப். வேறென்ன சொல்வது?

காலிப்பர் வந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும், நல்ல காலிப்பர். அளவெடுத்துச் செய்தது, லேசானது, வாருக்குப் பதில் ஒட்டுகிற பட்டை. அலுவலகத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தார்கள். பர்சானா ஜன்னல் வரைக்கும் போய் ஜன்னலிலிருந்து திரும்பி வந்தாள். "வலிக்கவே இல்லம்மா," என்றாள். உடனே அதைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

மதார் சாகிப் நிறுவனர் தலைவரைப் போய்ப் பார்த்தார். தலைவர் பெயர் வல்லரசு. மேஜைமேல் தியானம் செய்கிற இரண்டு கைகளைச் சிலையாக வார்த்து வைத்திருந்தார், அவர் கைகளேதான்.

"ஐயா, ஸ்கூல் தொறந்துட்டாங்க. காலிப்பர குடுத்தா நாங்க போய்டுவோம்."

"மிஸ்டர் மதார், நீங்க அவசரப்படறீங்க. பாப்பா நடந்துட்டா கதை முடிஞ்சிடும். முடிஞ்ச கதைக்கு யார் பணம் அனுப்புவாங்க? இப்பத்தான் ஜனங்க மனசு இளகிட்டு வருது. அது பாதியில கெட்டியாயிடக் கூடாது. படமெடுக்கறதுக்கு முன்னாடி நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு, பிரச்சார காலத்துல பயனாளி பொது இடத்துல நடக்கக் கூடாது."

"நடக்கறதுக்குத்தானே ஐயா வந்தோம்."

"வந்தது நீங்க. இப்ப அவ உங்க பொண்ணு மட்டும் இல்ல. ஆயிரக்கணக்கான பேரோட கண்ணீர் அவ. அதைப் போய் ஸ்கூலுக்கு அனுப்பறேங்கறீங்களே?" என்று வருத்தப்பட்டார். பிறகு, வரப்போகிற நெகிழ்ச்சிப் பெருவிழாவில் மேடையிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றார். அதை நம்பி ஜூன் மாதம் முழுக்க பர்சானா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தெருப் பிள்ளைகள் புதுப் பை மாட்டிக்கொண்டு போவதை ஜன்னலில் பார்த்தாள். அப்போதுதான் அவள் சிரிப்பு கம்மியானது. அதைப் படமெடுக்க யாரும் வரவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் சிவப்பு வெல்வெட் மெத்தைமேல் காலிப்பர். அதற்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் பர்சானா. வயலின் ஏறும்போது அவள் காலிப்பரை நோக்கிக் கையை நீட்ட வேண்டும், எட்டக் கூடாது. ஒத்திகையில் எட்டிவிட்டது. மெத்தையைத் தள்ளிவைத்தார்கள். சாய்ந்து எட்டினாள். இன்னும் தள்ளினார்கள். "சும்மா எட்டு, ஆனா எட்டாதம்மா," என்று அருணாதேவி கெஞ்சினார்.

குர்ஷித் பேகத்தை வெள்ளைத் துப்பட்டா போர்த்தி மேடை ஓரத்தில் உட்காரவைத்தார்கள். மதார் சாகிப் செத்துப்போனவர் என்பதால் சமையல்கட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் இன்னொரு சிறுமியும் அம்மாவோடு காத்திருந்தாள். கீழ்பென்னாத்தூர் பொன்னி. அவளுக்கு இரண்டு காலும் வராது. அவளுக்கென்று வந்த சக்கர நாற்காலி ரிப்பன் கட்டிப் பக்கத்திலேயே நின்றது. அதில் அவளை உட்காரவிடவில்லை, ரிப்பன் கசங்கிவிடும். போன பெருவிழாவிலிருந்தே அந்த ரிப்பன் அவிழவில்லை என்று பொன்னியின் அம்மா குர்ஷித் பேகத்திடம் சொன்னார். குர்ஷித் பேகம் ரிப்பனை ஒருமுறை பார்த்தார், மகளை ஒருமுறை பார்த்தார்.

வல்லரசு மைக்கைப் பிடித்தார்.

"அன்பு நெஞ்சங்களே, கீழே விழுந்த குழந்தையைத் தூக்கிவிடுகிறவன் மனிதன். தூக்காமல், அந்தக் குழந்தையை லட்சம் பேருக்குக் காட்டுகிறவன் மாமனிதன். தூக்கியிருந்தால் ஒருத்தருக்குத்தான் புண்ணியம். தூக்காததால் லட்சம் பேருக்குப் புண்ணியம். எங்களிடம் வந்த ஒரு சொட்டுக் கண்ணீரையும் நாங்கள் வீணாக்கியதில்லை. சென்ற ஆண்டு செலவில் பெரும்பகுதி வயலினுக்கே போய்விட்டது, அதை நாங்கள் மறைக்கவில்லை. இதோ பர்சானா. அவளுக்கும் அவள் நடைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளிதான் நம் அறக்கட்டளை."

மண்டபம் கைதட்டியது. வயலின் ஏறியது. பர்சானா கையை நீட்டினாள். முன்வரிசையில் பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்திருந்த பட்டுப்புடவை அம்மாள் ஒருவர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

குர்ஷித் பேகம் எழுந்தார். யாரும் சொல்லவில்லை, ஒத்திகையில் இல்லை. நேரே போய் வெல்வெட்டிலிருந்து காலிப்பரை எடுத்தார். தரையில் உட்கார்ந்து மகளின் காலைத் தன் மடிமேல் வைத்துப் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டினார். வயலின்காரர் குழம்பிப்போய் நிறுத்திவிட்டார். "எழுந்திரி," என்றார் குர்ஷித் பேகம். பர்சானா எழுந்தாள். விந்தி விந்தி மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள்.

ஒரு கைதட்டல் இல்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் முகத்தில் பாதி அழுகை அப்படியே நின்றுவிட்டது. பட்டுப்புடவை அம்மாள்தான் முதலில் பேசினார்.

"அப்ப அந்தப் பொண்ணு நடக்குமா?"

"போட்டாத்தாங்க நடக்கும்," என்றாள் பர்சானா.

"நடக்கற பொண்ணுக்கா நான் இவ்வளவு நேரம் அழுதேன்?"

சத்தம் கேட்டுச் சமையல்கட்டிலிருந்து மதார் சாகிப் ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் பின்வரிசைகள் எழுந்துவிட்டன. செத்த ஆள் கையில் கரண்டி இருந்தது. "அப்பனும் இருக்கான்யா, ஃபிராடு குடும்பம்," என்று ஒருவர் கத்தினார். வல்லரசு மைக்கில், "நாங்களும் ஏமாற்றப்பட்டோம், எங்கள் நெஞ்சமும் உடைந்துவிட்டது," என்றார். நா தழுதழுத்தது, அது அவருக்கு எப்போது வேண்டுமானாலும் வரும். "எங்க காசுல வாங்குனது, கழட்டச் சொல்லுங்க," என்று பட்டுப்புடவை அம்மாள் சொல்ல, "கழட்டு, கழட்டு," என்று மண்டபமே சொன்னது. கொஞ்சம் முன்னால் இந்தப் பிள்ளைக்காக உருகி வழிந்த ஜனம்தான் இது.

குர்ஷித் பேகம் வெள்ளைத் துப்பட்டாவை உருவிக் கீழே போட்டார். அவர் மைக் கேட்கவில்லை, அவர் குரலுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"நான் கழட்டமாட்டேன். வேணும்றவங்க வாங்க. மேல ஏறி வந்து, என் பொண்ணு காலத் தொட்டு, நீங்களே கழட்டிக்குனு போங்க. ஊரெல்லாம் பலக வெச்சுப் பாத்தீங்களே, இவ காலு எப்படிக் கீதுன்னு ஒருத்தராவது குனிஞ்சு பாத்தீங்களா? புண்ணு எங்க இருந்துது தெரியுமா உங்களுக்கு? என் புருஷன சாவடிச்சீங்க, பொறுத்துக்கினேன். என் புள்ள படிப்ப ஒரு மாசம் தின்னீங்க, பொறுத்துக்கினேன். இனிமே முடியாது. வாங்க. யாரு வர்றீங்க?"

யாரும் வரவில்லை. அருணாதேவி மட்டும் கோபியிடம், "எடுத்தியா, எடுத்தியா?" என்று கிசுகிசுத்தார். கோபி கேமராவை அணைத்துவிட்டிருந்தார்.

மூவரும் படியிறங்கி வெளியே வந்தார்கள். பர்சானா யார் கையையும் பிடிக்கவில்லை. மதார் சாகிப் ஆட்டோவை எடுக்கப் போனார். நாளைக்கே பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசிவிடலாம், மாடிதானே, ஏறிவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே போனார். கரண்டி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

அப்போது உள்ளே மறுபடி வயலின் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டு, ஜனங்கள் உட்காருகிற சத்தம். மைக்கில் வல்லரசு, "இதோ, உண்மையான ஒரு குழந்தை. பெயர் பொன்னி," என்றார். மண்டபம் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டது. பட்டுப்புடவை அம்மாளின் தேம்பல் வாசல் வரைக்கும் தெளிவாக வந்தது.

குர்ஷித் பேகம் நின்றார். மகளை ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்தார். பிறகு திரும்பி மண்டபத்துப் படியைப் பார்த்து நடந்தார்.

"எங்க போற?" என்றார் மதார் சாகிப்.

"அந்த ரிப்பன யாரு அவுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுக் குர்ஷித் பேகம் படியேறினார்.